‘தாத்தாவை எப்போ திறப்பாங்க?’

தூத்துக்குடியிலிருந்து 34 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் பிறந்த வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை); வாக்கப்பட்ட வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). 9 வயதில் மகள், 5 வயதில் மகன். மாமியாரும் உடன் இருக்கிறார். ஈஸ்டர் என்றால் புதுச்சட்டையும் பிரியாணியும்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்களே என்று அவருக்கு வருத்தம். அமெரிக்காவில் இருக்கும் தோழி அனுப்பிய ஒரு பிஸ்கட் செய்முறையைப் பெரிய சனிக்கிழமை இரவு பிள்ளைகளோடு சேர்ந்து செய்திருக்கிறார். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான் பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேத வசனம் உண்டு. பருப்பைப் பைக்குள் போட்டு மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். அது படைவீரர்கள் இயேசுவை அடித்தது. வினிகரை முகர வேண்டும். அது சிலுவையில் கொடுத்த காடி. உப்பை நக்க வேண்டும். அது அழுதவர்களின் கண்ணீர். நுரைக்க அடித்த கலவையைச் சிறு சிறு குவியலாகத் தட்டில் வைத்து, சூடேற்றிய ஓவனுக்குள் தள்ளி, ஓவனை அணைத்துவிட்டுக் கதவில் டேப் ஒட்டி ‘முத்திரை’ போட வேண்டும். பிறகு எல்லோரும் தூங்கப் போக வேண்டும். காலையில் எடுத்துக் கடித்தால் பிஸ்கட்டின் உள்ளே வெறுமையாக இருக்கும். காலிக் கல்லறை.

மகள் ரசித்துச் செய்திருக்கிறாள். பருப்பை அடிக்கும் வேலை மகனுக்கு. ‘டமார் டமார்’ என்று குஷியாக அடித்தவன், அம்மா வசனத்தை வாசித்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். டேப் ஒட்டும்போது அழ ஆரம்பித்தான். அன்றிரவு தூங்கவில்லை. காலையில் திறந்தால் பிஸ்கட் அல்வா மாதிரிக் கையில் ஒட்டியதாம். உள்ளே காலியும் இல்லை. “அப்ப உயிர்க்கலையாம்மா?” என்று மகள் கேட்டிருக்கிறாள்.

மூன்று வாரமாகிறது. பையன் ராத்திரியில் விழித்து அழுகிறான், தனியாக அடுக்களைக்குப் போகமாட்டான், “நான் அடிச்சதாலயா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். “துக்க நாளில் பலகாரம் செய்தாய், கல்லறையை விளையாட்டாக்கினாய், அதான்” என்கிறார் மாமியார். “மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள், நீ விடு” என்கிறார் கணவர். இந்தத் தாய் கேட்பவை: என் பிள்ளையின் மனதைக் கெடுத்துவிட்டேனா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? அவனுக்கு விசுவாசம் குறைவா? இனி அடுக்களையில் இதெல்லாம் வேண்டாமா?

ஓவன் கதவில் அந்த டேப்பின் பாதி இன்னும் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். அதையும் எழுதியிருக்கிறார். அதற்கும் கீழே, பேனா மை மாறிய ஒரு வரி: “எட்டு மாதம் முன்பு என் மாமனார் தவறினார். ‘தாத்தாவை எப்போ திறப்பாங்க’ என்று பையன் அடிக்கடி கேட்கிறான். நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம்.”

அன்புச் சகோதரிக்கு,

நான் குழந்தைகளோடும் பெற்றோரோடும் பேசுகிற உளவியல் ஆலோசகர். மறையியல் படித்தவள் அல்ல. வேதம், சபைச் சட்டம் பற்றி நான் சொல்வதை உங்கள் குருவானவரிடமோ பங்குத் தந்தையிடமோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பற்றி நான் சொல்வதை மட்டும் நம்பிக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படித்தேன். அப்படிப் படித்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. எட்டு மாதத்துக்கு முன்பு உங்கள் மகன் என்ன பார்த்தான்? தாத்தாவை ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். மூடினார்கள். “தாத்தா தூங்குறாங்க” என்று யாரோ ஒருவராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள். உங்கள் பக்கத்து மரண அறிவிப்புகளிலேயே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றுதானே அச்சடிக்கிறோம். பிறகு பெரிய சனிக்கிழமை இரவு நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றை உள்ளே வைத்தீர்கள். மூடினீர்கள். முத்திரை போட்டீர்கள். “இப்ப நாம தூங்கப் போகலாம்” என்றீர்கள். காலையில் திறந்தீர்கள்.

அவன் பாடத்தை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டான், சகோதரி. மூடியதைக் காலையில் திறப்பார்கள் என்றால், தாத்தாவின் முறை எப்போது? தூங்கினால் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள் என்றால், நான் ஏன் தூங்க வேண்டும்? 5 வயதுக்கு இதைவிட ஒழுங்காக யோசிக்க முடியாது. விசுவாசக் குறைவு என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. அதோடு, மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். காலிக் கல்லறையைக் கண்ட பெண்கள் சந்தோஷத்தில் துள்ளவில்லை. நடுங்கிப்போய் ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வளர்ந்த பெண்களுக்கே அப்படி. உங்கள் பையனை யார் குறை சொல்வது?

5 வயதில் சாவு எப்படித் தெரியும்

1948இல் மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர், 3 முதல் 10 வயது வரையிலான 378 பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேசியும் எழுத வைத்தும் வரைய வைத்தும் திரட்டியதை வெளியிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்து அவர் சொன்ன வயதுக் கணக்கை அங்கங்கே திருத்தியிருக்கின்றன. ஆனால் அடிப்படை மாறவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சாவு என்பது தூக்கம், அல்லது ஊருக்குப் போவது. போனவர் திரும்பலாம். செத்தவருக்குப் பசிக்கும், குளிரும், இருட்டில் பயமாக இருக்கும். செத்தவர் திரும்ப மாட்டார், அவர் உடம்பு இனி எதையும் உணராது, எல்லோருக்கும் இது ஒருநாள் வரும் என்கிற மூன்றும் பொதுவாக 5 வயதுக்கும் 7 வயதுக்கும் நடுவில்தான் ஒவ்வொன்றாகப் பிடிபடும். உங்கள் மகன் சரியாக அந்தப் படியில் ஒரு காலை வைத்து நிற்கிறான். மகள் படியைக் கடந்துவிட்டாள். ஒரே ஓவனுக்கு முன்னால் நின்ற இருவரும் வேறு வேறு காட்சியைப் பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

இந்த வயதின் இன்னொரு குணம், நடப்பதற்கெல்லாம் தான்தான் காரணம் என்று நம்புவது. தம்பி பிறக்கக் கூடாது என்று நினைத்த பிள்ளை, தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் தன்னால்தான் என்று ஒளிந்துகொள்ளும். “நான் அடிச்சதாலயா?” என்ற கேள்வி அந்த வகை. அதற்கு “இல்லடா கண்ணு” என்று தலையைத் தடவினால் போதாது. முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும்: “நீ அடிச்சது முந்திரிப்பருப்பு. இயேசுவை அடிச்சது ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, வேற ஊர்ல, பெரிய ஆளுங்க. நீ அப்ப பிறக்கவே இல்ல. தாத்தா இறந்ததும் உன்னால இல்ல. அவங்க உடம்பு சரியில்லாமப் போச்சு.” பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் இதே சொற்களில் சொல்லுங்கள். சொற்களை மாற்றினால், அம்மா எதையோ மறைக்கிறாள் என்று தேடத் தொடங்குவான்.

தாத்தாவைப் பற்றி

பேச்சை மாற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் மாற்றும் ஒவ்வொரு முறையும், ‘இது கேட்கக் கூடாத கேள்வி, அப்படியென்றால் பயங்கரமான விஷயம்’ என்று அவன் முடிவுகட்டுகிறான்.

‘தூங்குகிறார்’ என்ற சொல்லைக் கைவிடுங்கள். ‘நித்திரை’ பெரியவர்களுக்கு அழகான சொல். தூங்கப் போகிற பிள்ளைக்கு அது வேண்டாம். ‘இறந்துட்டாங்க’ என்றே சொல்லலாம். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தயங்குவார்கள். சொல்லிப் பார்த்தவர்கள் திரும்பி வந்து, “இதுக்கா இவ்வளவு பயந்தோம்” என்பார்கள். “தாத்தாவோட உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு. இப்ப அவங்களுக்கு வலிக்காது, பசிக்காது, இருட்டா இருக்குன்னு பயமும் இருக்காது. வீட்டுக்குத் திரும்பி வரமாட்டாங்க. நாம யாரும் அந்தக் கல்லறையைத் திறக்கப்போறதில்ல.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவன் கேட்டதே அதைத்தான்.

அதன் பிறகு உங்கள் நம்பிக்கையைச் சொல்லுங்கள். அதை மறைக்கவோ பூசி மெழுகவோ தேவையில்லை. “இயேசு உயிர்த்தெழுந்த மாதிரி தாத்தாவையும் ஒருநாள் கடவுள் எழுப்புவார்னு நாங்க நம்புறோம். எப்போன்னு யாருக்கும் தெரியாது. நாளைக்குக் காலைல இல்ல.” உங்கள் பிஸ்கட் செய்முறையில் ஒரே ஒரு ராத்திரிதான் காத்திருப்பு. அவனுக்குச் சொல்லாமல் விட்டது, தாத்தாவுக்கான காத்திருப்பு அப்படி இல்லை என்பதை.

ஒரு பகல் வேளையில் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். அவன் வருவேன் என்றால் மட்டும். கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும், பூ வைக்கட்டும், சுற்றி ஓடி விளையாடினாலும் அதட்டாதீர்கள்.

மாமியாரும் கணவரும்

மாமியார் சொன்னதை நீங்கள் சபைச் சண்டையாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி நோன்பு 18 வயது நிரம்பியவர்களுக்கு. 60ஆம் வயது தொடங்கும் வரைக்கும்தான். இறைச்சி விலக்கும் சுத்தபோசனம் 14 வயது நிரம்பியவர்களுக்கு. கண்டிப்பான நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். பெரிய சனிக்கிழமை இரவு விழிப்பு வரை நோன்பை நீட்டிப்பது நல்ல வழக்கம், கட்டாயம் அல்ல. ஆக, உங்கள் பிள்ளைகள் எந்த விதியையும் மீறவில்லை. மறுநாளுக்காக மாவு பிசைவது பாவமென்றால் ஈஸ்டர் அதிகாலையில் பேக்கரியில் ரொட்டியே இருக்காது.

ஆனால் இந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டாதீர்கள். அவர் கணவரை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் ஈஸ்டர் இது. முதல் பெரிய சனிக்கிழமை. அந்த இரவில் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு ‘கல்லறை’ செய்து மூடி, டேப் ஒட்டுகிறார்கள். அவர் எந்த அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கோபமாக வந்தது சடங்கு பற்றிய பேச்சு. உள்ளே இருந்தது வேறு. உங்கள் கணவர் “நீ விடு” என்றாரே, அவருக்கும் அது அப்பா இல்லாத முதல் ஈஸ்டர்தான். மறைக்கல்வி வகுப்பு நல்லது, போகட்டும். ஆனால் வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ‘தாத்தாவை எப்போ திறப்பாங்க’ என்ற கேள்விக்கு நேரம் இருக்காது. அது உங்கள் வீட்டுக் கேள்வி.

ஒரு சாயங்காலம் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னிக்கு உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்த்தே, நான் யோசிக்கல” என்று சொல்லிப் பாருங்கள். மன்னிப்பாக அல்ல, நீங்கள் அவரைக் கவனித்ததாகச் சொல்லுங்கள்.

அந்தச் செய்முறையின் சிக்கல்

இனி அடுக்களைக்கு வருவோம். பிள்ளைகளோடு மாவு பிசைவதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இந்தக் கடிதத்தில் நான் வற்புறுத்திச் சொல்வது இதை ஒன்றைத்தான். கேட்டதைவிடத் தொட்டது பிள்ளைகளுக்கு நிலைக்கும். அந்த வகையில் உங்கள் எண்ணம் சரியான எண்ணம். தவறியது எங்கே என்றால், அவனுக்கு யாருடைய வேலையைக் கொடுத்தீர்கள் என்பதில். அந்தச் செய்முறை பிள்ளையின் கையில் படைவீரனின் கோலைத் தருகிறது. அடி என்கிறது. அடித்து முடித்த பிறகு, யாரை அடித்தாய் தெரியுமா என்கிறது. 9 வயதுப் பிள்ளைக்கு அது உருவகம். 5 வயதுப் பிள்ளைக்கு அது தன்னையே குற்றவாளியாக்கும் வேலை.

அதே கதையில் வேறு கைகளும் இருக்கின்றனவே. மகதலேனா மரியாளும் யாக்கோபின் தாய் மரியாளும் சலோமேயும் கந்தவர்க்கங்களை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் போகிறார்கள். போகும் வழியெல்லாம் அவர்களுக்கு ஒரே கவலை, வாசலில் இருக்கும் கல்லை யார் புரட்டித் தள்ளுவார்கள் என்று. அந்தப் பெண்களின் வேலையை அவனுக்குக் கொடுங்கள். ஏலக்காயைத் தோலுரிக்கட்டும். கறுவாப்பட்டையையும் கிராம்பையும் சின்ன உரலில் போட்டு இடிக்கட்டும். இதிலும் இடிதான், சத்தமும் அதேதான்; ஆனால் இப்போது அவன் ஒருவருக்கு நல்லது செய்யப் போகிறவர்களின் கூட்டத்தில் இருக்கிறான். கை மணக்கும். முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வினிகரைவிட அது நல்ல நினைவு.

இன்னொரு காட்சி, கடற்கரை ஊரில் இருக்கும் உங்களுக்கென்றே எழுதியது போல யோவான் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படாத ஆட்கள், விடிகிற நேரத்தில், கரையிலிருந்து ஒருவர் சொன்ன பக்கம் வலை வீசி 153 பெரிய மீன்களை இழுக்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் கரியடுப்பு எரிகிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். உயிர்த்தெழுந்தவர் சமைத்து வைத்துவிட்டு, “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்று கூப்பிடுகிறார். உயிர்ப்பு என்றால் என்ன என்று 5 வயதுப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? அதிகாலையில் அவன் கையால் ரொட்டி எடுத்து அக்காவையும் ஆச்சியையும் அப்பாவையும் சாப்பிடக் கூப்பிடட்டும். உயிர்த்த அந்த நொடியில் கல்லறைக்குள் நடந்ததைச் சுவிசேஷம் எழுதிய நால்வரும் விவரிக்கவே இல்லை. அதன் பிறகு, காலையில் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். நாமும் வெளியே நிற்போம்.

பிஸ்கட் ஏன் ஒட்டியது

இது உங்கள் மகளுக்கான பதில். அவள் கேட்டது நியாயம்: காலியாக இருப்பதுதான் அத்தாட்சி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, காலியாக இல்லாத பிஸ்கட்டை நீட்டினால் அவள் வேறு என்ன கேட்பாள்? ஒரு நம்பிக்கையை முட்டை நுரையில் கட்டித் தொங்கவிட்டால் இந்த ஆபத்து உண்டு. “பிஸ்கட் சொதப்பினது ஓவனால” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, காரணத்தையும் விளக்குங்கள். அவளுக்கு அது பிடிக்கும்.

அந்தச் செய்முறை அமெரிக்க வீட்டுச் சுவரோடு சேர்ந்த பெரிய ஓவனுக்காக எழுதியது. 150 டிகிரிக்குச் சூடேற்றி அணைத்தாலும் அதன் தடித்த சுவர்கள் பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மிச்சச் சூட்டில்தான் நுரை காய்ந்து உள்ளே வெறுமையாகும். நம் வீட்டு ஓடிஜி, அதாவது மேசைமேல் வைக்கும் சின்ன மின் ஓவன், மெல்லிய தகரப்பெட்டி. அணைத்த சிறிது நேரத்திலேயே ஆறிவிடும். போதாததற்குத் தூத்துக்குடிக் காற்று. சீனி ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் ராத்திரி முழுக்க இழுத்திருக்கும்.

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதற்கு அமெரிக்காவரை போயிருக்க வேண்டாம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். முந்திரி, வெள்ளைக்கரு, சீனி சேர்த்துச் செய்யும் உங்கள் ஊர் மக்ரூன் இதற்கு அக்கா முறை அல்லவா? மிதமான சூட்டில், நேரம் எடுத்துக் காயவிட்டுச் செய்கிறார்கள். பாக்கெட்டைப் பிரித்து வைத்துவிட்டால் அதுவும் நமுத்துப்போகிறதே, அதே கதைதான். மகளுக்கு மறுபடி செய்ய ஆசை என்றால் ஓடிஜியை அணைக்காமல் 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து, ஆறும்வரை உள்ளேயே விட்டு, உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள்.

விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டியது ஒன்று. அன்று உங்கள் ஓவனில் வெள்ளைக்கரு வேகவே இல்லை. முட்டை பாதுகாப்பாக வேக 71 டிகிரியாவது உள்ளே ஏற வேண்டும். இல்லாவிட்டால் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு, சின்னப் பிள்ளைகளை அது கடுமையாகப் படுத்தும். மூன்று வாரமாகிவிட்டது, வயிற்றுப்போக்கு காய்ச்சல் எதுவும் நீங்கள் எழுதவில்லை, கவலைப்பட வேண்டாம். அடுத்த முறை கரண்டியில் ஒட்டிய பச்சை நுரையை நக்க விடாதீர்கள். 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் முழு முந்திரி கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

அடுத்த முறைக்கு ஒரு பன்

ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பின் நினைவுதான் என்று இரண்டு சபையுமே சொல்கின்றன. வருகிற சனிக்கிழமையே செய்யலாம். மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 275 மில்லி, வெண்ணெய் 50 கிராம், சீனி 75 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு கை உலர்திராட்சை, பையன் இடித்த வாசனைப்பொடி ஒரு டீஸ்பூன். பத்து நிமிடம் பிசையுங்கள். பிசைவதில் ஒரு வசனமும் வேண்டாம், வெறுமனே பிசையட்டும்.

உருண்டையைப் பாத்திரத்தில் போட்டு மூடும்போது கவனம். கண்ணாடிப் பாத்திரமாக இருக்கட்டும், மேலே ஈரத்துணி போதும், அவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம். இந்த வெக்கையில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இரண்டு மடங்காகிவிடும். அவன் கண் முன்னாலேயே எழும்பும்! யாரும் அதைத் தள்ளவில்லை, உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று தூக்குகிறது. விண்ணரசுக்கு உவமையாக இயேசுவே எடுத்துக்கொண்டது ஒரு பெண் மாவில் அடக்கி வைத்த புளித்தமாவைத்தான். நம் வீட்டில் தோசை மாவு தினமும் இதே வேலையைச் செய்கிறது, யாரும் பயப்படுவதில்லை.

பன்னிரண்டாகப் பிரித்து உருட்டி, தட்டில் அடுக்கி, மூடி, இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் எடுத்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் வெளியே விட்டு, 190 டிகிரியில் ஏறத்தாழ 20 நிமிடம். ஓவன் விளக்கைப் போட்டுவிடுங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும். சூடான தட்டை எடுப்பது மட்டும் உங்கள் வேலை.

பெரிய வியாழனுக்கும் ஒன்று சொல்கிறேன். கேரளத்து மார்த்தோமா மரபுக் குடும்பங்களில் அன்றிரவு அரிசிமாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க வைக்காமல் பெசகா அப்பம் அவிப்பார்கள். குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக அதன்மேல் வைப்பார்கள். வீட்டுப் பெரியவர் ஜெபித்து, பிட்டு, ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். உங்கள் வீட்டில் இப்போது மூத்தவர் உங்கள் மாமியார். ஓவனும் வேண்டாம், அமெரிக்கத் தோழியும் வேண்டாம், இட்லிக் கொப்பரை போதும். அவர் கையால் பிட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

எதைச் செய்தாலும், பையன் “எனக்கு வேண்டாம்” என்றால் அதோடு விடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் பங்கெடுப்பதுதான்.

எப்போது டாக்டரிடம் போவது

இன்றைக்கே ஓட வேண்டிய நிலை இல்லை. நான் மேலே சொன்னபடி தாத்தாவைப் பற்றி நேராகப் பேசத் தொடங்கினால் இரண்டு, மூன்று வாரத்தில் ராத்திரி அழுகை குறைய வேண்டும். அதன் பிறகும் குறையாவிட்டால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால், பள்ளிக்குப் போகவோ சாப்பிடவோ மறுத்தால், குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். “நானும் தாத்தாகிட்ட போறேன்” என்று சொன்னால் பதறாதீர்கள், இந்த வயதில் அது பெரும்பாலும் பார்க்க ஆசைதான். ஆனால் காத்திருக்காமல் அந்த வாரமே ஒருவரிடம் பேசிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாக, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். மந்திரிப்பது, கண்ணேறு கழிப்பது என்று யாராவது யோசனை சொன்னால் அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தன்னிடம் ஏதோ கெட்டது இருக்கிறது என்று ஏற்கெனவே பாதி நம்புகிறான்.

மனதைக் கெடுத்துவிட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. எட்டு மாதமாக அவன் மனதுக்குள் கிடந்த கேள்வி, அந்த ராத்திரி வெளியே வந்தது. வேறு நாளில், வேறு விதமாக வந்திருந்தால் நல்லது, ஆனால் வந்ததே.

ஓவன் கதவில் பாதி டேப் இன்னும் இருக்கிறது என்றீர்கள். இன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போது அவனைக் கூட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய், அவன் கையாலேயே உரிக்கச் சொல்லுங்கள். பசை விடாத இடத்தில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் வந்துவிடும்.